ஈச்சிலம்பற்றில் ஜிம்மி நடை பழகியது

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் போய்வருவது முன்னர் ஒரு முழுநாள் வேலையாக இருந்தது. கொட்டியாரக் குடாவைச் சுற்றிச் செல்லும் வீதியில் ஆறோ களப்போ குறுக்கிடும் துறைகளில், எமது மக்கள் 'பாதை' என்று அழைக்கும் மிதவைக்காகக் காத்துநிற்க வேண்டும். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளுக்கும் பின்னர் பாலங்கள் வந்தன. இப்பொழுது கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, சேருநுவர என்று பஸ்ஸில் வந்து, கடற்பக்கம் பிரியும் வீதியால் இறங்கினால் வெயில் ஏறுமுன் ஊருக்குள் நிற்கலாம்.

அரச பதிவுகளில் இது வெருகல் பிரதேச செயலகப் பிரிவு. பழகியவர்கள் வாயில் இன்னும் ஈச்சிலம்பற்றுத்தான். மகாவலியின் கிளையான வெருகலாறு இந்தப் பக்கமாக வந்துதான் கடலில் விழுகிறது. ஆற்றங்கரையில் வெருகலம்பதி முருகன் கோயில். உற்சவ காலத்தில் திருகோணமலை, மட்டக்களப்பு இரு பக்கத்திலிருந்தும் அடியார்கள் நடந்தே வருவார்கள். மற்ற நாட்களில் அமைதியான ஊர். வயல், மாடு, களப்பு மீன், காட்டு விறகு, இவைதான் சீவியம். இவை போதாத வீடுகளில் தாயோ மகளோ மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்கிறார்.

நான் அதிகம் போய்வந்தது 2023 ஆடி மாதத்தில். கச்சான் காற்று காலையிலேயே புழுதியைக் கிளப்பத் தொடங்கிவிடும். சிறுபோக வயல்கள் தண்ணீர் உள்ள இடங்களில் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. வீதியோரம் ஈச்சம்பற்றை, அதற்கப்பால் பனை, அதற்கும் அப்பால் காடு. காலையில் வீதியில் யானை இலத்தி கிடந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள்.

இனி நாய்களுக்கு வருகிறேன். இந்த ஊரில் படலை திறந்ததும் முதலில் வரவேற்பவை அவைதான். அநேகமாகச் செம்மண் நிறம், நிமிர்ந்த காது, ஒட்டிய வயிறு. எல்லாம் நாட்டு நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு, ஆனால் எந்த நாய்க்கும் சங்கிலி இல்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் இவற்றைத் தெருநாய் என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியல்ல. மத்தியானம் எந்தப் படலைக்குள் போய்ப் படுக்கிறது என்று பார்த்தால் தெரியும், அது யார் வீட்டுப் பிள்ளை என்று.

அந்த மாதம் மாதர் சங்கக் கூட்டமொன்றில் சேமிப்புக் கணக்குப் பேசி முடித்த பிறகு, பேச்சு நாய்க்குத் திரும்பியது. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சிறுவனை நாய் கடித்துவிட்டது. யாருடைய நாய், ஊசி போட்டதா, ஒருவருக்கும் தெரியாது. கடித்த நாயை இரண்டு கிழமை கவனித்துப் பார்க்கவும் முடியவில்லை, அது ஆளைக் காணோம். ஆகவே பிள்ளைக்கு ஊசித் தொடர் தொடங்கினார்கள். அரச வைத்தியசாலையில் ஊசிக்குக் காசில்லை. ஆனால் தாய் ஒவ்வொரு தவணைக்கும் கூலிநாளை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்தது. சங்கத்தில் அன்று கேட்ட குரல்களில் பாதி, நாய்களைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட வேண்டும் என்பதாக இருந்தது.

விசர்நாய்க்கடி நோயைப் பற்றிச் சிலவற்றை இங்கு சொல்லியாக வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய் ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். 1885 இல் லூயி பாஸ்டர் ஒரு பிரெஞ்சுச் சிறுவனுக்கு முதன்முதலாக இத் தடுப்பூசியைப் போட்டார். அவர் மறைந்த செப்ரெம்பர் 28 ஆம் நாளே இன்று உலக விசர்நாய்க்கடி நோய் நாளாகக் கொள்ளப்படுகிறது. உலகில் மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம் வருவது. சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1970களில் ஆண்டொன்றில் 300க்கும் மேற்பட்டோர் இதனால் இறந்த காலம் இருந்தது. இப்போது அது சில பத்துக்களாகக் குறைந்திருக்கிறது. குறைத்தது நாய்களுக்குப் போட்ட ஊசியும் மனிதருக்குப் போட்ட ஊசியும்தான். ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் அங்கு நோய் பரவும் வழி அடைபடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊசி போட்ட நாயைக் காட்டில் விட்டால் அந்த எழுபதில் ஒன்று குறையும். அதன் இடத்துக்கு ஊசி போடாத வேறொன்று வரும். இதைச் சங்கத்தில் சொன்னபோது சிலர் தலையாட்டினார்கள், சிலர் என்னைப் 'பட்டினத்துப் பிள்ளை' என்பதுபோலப் பார்த்தார்கள்.

ஊசி இலவசம், ஆண்டுக்கொரு தடவை ஊருக்கே வந்து போடுகிறார்கள். பின் ஏன் நாய்கள் போவதில்லை? வீடுவீடாகக் கேட்டேன். பதில் ஒன்றுதான். "கொண்டு போறது ஆர்?" கயிற்றில் நடந்து பழகாத வளர்ந்த நாயைப் பொதுநோக்கு மண்டபம் வரை இழுத்துப் போவதற்கு ஒரு வலுவான ஆண் கை வேண்டும். அந்தக் கை பகலில் வயலில், அல்லது கடலில், அல்லது கொழும்பில். ஆகவே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவை மடியில் தூக்கக்கூடிய குட்டிகள்தான். நாய்க்குச் சோறு வைப்பவள் பெண், இரவில் நாய் குரைத்தால் எழும்பிப் பார்ப்பவள் பெண், நாய் கடித்தால் பிள்ளையுடன் பஸ் ஏறுபவளும் பெண். நாயை நடத்திப் போவதை மாத்திரம் ஏன் ஆண்வேலையாக வைத்திருக்க வேண்டும்? சமூகவியல் படித்த எனக்கு இந்தக் கேள்வியை விட முடியவில்லை. அடுத்த ஊசி நாளுக்கு நான்கு கிழமை இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். மகள் குவைத்தில், பேத்தி ஆறாம் வகுப்பில். மூன்றாவது ஆள் ஜிம்மி. இரண்டு வயதுக் கடுவன். "எல்லாரும் இதைக் காட்டில விடச் சொல்லுறாங்க மகள். இது போனா ராவில எங்களுக்கு ஆர் இருக்கு?" என்றார். போன மாரியில் யானை வேலியைச் சரித்தபோது முதலில் குரைத்து எழுப்பியது ஜிம்மிதானாம்.

"கயித்தில நடத்திப் பழக்குவம் அம்மா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "கயிறு மட்டும் வேணாம்."

காரணத்தைப் பேத்தி பள்ளிக்கூடம் போன பின்னர்தான் சொன்னார். 2006 இல் மாவிலாற்றோடு தொடங்கிய சண்டையில் இந்த ஊர் முழுவதும் வெருகலாற்றைத் தாண்டி வாகரைக்கு ஓடியது, பின் அங்கிருந்து மட்டக்களப்புப் பக்க முகாம்களுக்கு. திரும்பி வந்தது 2007 இல். ஓடிய அன்று அவர் வீட்டில் ஒரு நாய் கட்டியிருந்தது. "செல் விழ விழ, பிள்ளையத் தூக்கினம், சாமானத் தூக்கினம். அவிழ்த்துவிட ஒருத்தருக்கும் நினைவு வரல்ல." திரும்பி வந்தபோது மரத்தடியில் சங்கிலி கிடந்ததாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு வந்த நாய் எதையும் அவர் கட்டியதில்லை. ஊரில் வேறு சிலரிடமும் இதே மாதிரிக் கதை இருந்தது. சங்கிலி இல்லாத ஊராக இது இருப்பதற்கு வசதியின்மை மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

கட்டிவைப்பது வேறு, கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது வேறு என்று வாயால் சொல்லி அவரை நம்பவைக்க முடியாது. ஆகவே கயிற்றை அவரையே செய்யச் சொன்னோம். பழைய பருத்திச் சேலையை நீளமாகக் கிழித்து மூன்று புரியாகப் பின்னினார், இரண்டு மீற்றர். நைலோன் கயிறு கையை அறுக்கும், தும்புக் கயிறு நாயின் கழுத்தை உரஞ்சும். கழுத்துப் பட்டிக்குப் பேத்தியின் பழைய புத்தகப் பையின் வார், கொளுக்கியோடு இருந்தது. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். சுருக்கு முடிச்சு ஒருபோதும் போடக்கூடாது, இழுக்க இழுக்க இறுகும். இன்னொன்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் பாய்ந்தால் மணிக்கட்டும் சேர்ந்து போய்விடும்.

பழக்கும் முறையை எனக்கு முன்னொரு காலத்தில் ஒரு கால்நடை வைத்தியர் சொல்லித் தந்தார். பட்டினத்து நாய்க்குச் சொன்னது, ஊர் நாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம்.

முதல் மூன்று நாளும் பட்டி மட்டும், அதுவும் சோறு தின்னும் நேரத்தில். பட்டி வந்தால் சோறு வரும் என்று அது நினைக்கட்டும். பிறகு கயிற்றைக் கொளுவி முற்றத்தில் இழுபட விட்டோம். கூடவே ஒரு கண் வைத்திருக்க வேண்டும், பற்றையில் சிக்கினால் பயந்துவிடும். ஐந்தாம் நாள்தான் அம்மா மறுமுனையைப் பிடித்தார். பிடித்த கை நடுங்கியது. ஜிம்மி அவரைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு அது வெறும் சேலைத் துண்டு.

முற்றத்துக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. படலையைத் திறந்ததும் வந்தது வினை. வீதியில் ஆடு. ஆட்டுக்குப் பின்னால் லான்ட் மாஸ்டர். பனையில் அணில். கச்சான் காற்றில் எங்கிருந்தோ வரும் கருவாட்டு மணம். ஜிம்மி நாலு பக்கமும் இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "அது மூளையில்லாத நாய், ரெண்டு அடி போடுங்க" என்றார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாவற்றையும் கவனிப்பதுதான் இந்த நாயின் தொழில். இரவில் ஒரு சுள்ளி முறியும் ஓசைக்கும் எழும்பிக் குரைக்கும் என்றுதானே வைத்திருக்கிறோம்? அதே காதும் அதே மூக்கும் பகலில் மட்டும் மூடிக்கொள்ளாது. அடித்தால் அது ஆட்டை மறக்காது, கயிறு வந்தால் அடியும் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். (வைரவருக்கு வடைமாலை சாத்துகிற நாங்கள் அவருடைய வாகனத்துக்குக் கல்லெறிவது வேறு கதை.)

நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் போய்ச் சேரலாம் என்று அதற்குத் தெரிந்திருப்பதால். அது இழுக்க நாம் பின்னால் ஓடினால், இழுவைதான் நடை என்று நாமே படிப்பித்துவிடுகிறோம். ஆகவே சட்டம் இதுதான். கயிறு இறுகினால் மரம் மாதிரி நிற்பது. சுண்டி இழுப்பதில்லை, ஏசுவதில்லை. கயிறு தளர்ந்த கணம் "சரி" என்று ஒரு சொல், முழங்காலருகே ஒரு துண்டு மீன், பிறகு நடை. மீனென்றால் சூடையை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்தது. கருவாடு வேண்டாம், உப்புக் கூடிப்போகும். மீனைக் காலருகே கொடுப்பதில் காரணம் உண்டு. கிடைக்கிற இடத்தில்தான் நாய் நிற்கப் பார்க்கும். பழக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையிலும் பின்னேரத்திலும், அதுவும் சோறு வைக்குமுன். பத்து மணிக்குப் பிறகு ஆடி மாத மணலில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், நாய் ஏன் துள்ளுகிறது என்று தெரியும்.

பேத்தி ஒரு கொப்பியில் கணக்கு வைத்தாள். படலையிலிருந்து சந்தி வேம்பு வரை போக முதல் நாள் 31 தரம் நிற்க வேண்டியிருந்தது. அம்மா அலுக்கவில்லை. "எனக்கும் முழங்கால் நோவு, நிக்கிறது சுகம்தான்" என்றார். வலுவுள்ள ஆட்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப் போகிறார்கள் என்பது என் எண்ணம். இழுத்துப் போக முடியுமென்பதால் இழுத்துக்கொண்டே போய்விடுகிறார்கள், நாய் எதையும் படிப்பதில்லை. அம்மாவுக்கு இழுக்க முடியாது. ஆகவே நின்றார்.

ஆடுகளுக்கு வேறு உபாயம். எத்தனை அடி தூரத்தில் ஆட்டைக் கண்டும் ஜிம்மி மீனை வாங்கித் தின்கிறது என்று பார்த்தோம். மீனைத் திரும்பியும் பார்க்காவிட்டால் நாங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். அப்போது வளைந்து விலகிப் போக வேண்டியதுதான். தொடக்கத்தில் முப்பது அடி. ஆட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் உடனே "சரி", உடனே மீன். இப்படி நாளுக்கு ஓரடி, ஈரடி குறைந்துகொண்டு வந்தது. மோப்பத்தை முற்றாகத் தடுப்பதும் கொடுமை. வேம்பு வரை தளர்ந்த கயிற்றில் வந்தால், "போய்ப் பார்" என்று கயிற்றை நீட்டிக் கொடுத்து வேம்படியை ஆறுதலாக மணக்க விட்டோம். சில நாள் மீனை விட அதுதான் பெரிய பரிசாக இருந்தது.

அவிழ்ந்து திரியும் மற்ற நாய்கள் வந்து சூழ்வதுதான் இந்த ஊரில் மெய்யான சிக்கல். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கு விடை குறைவு, அங்கே எல்லா நாயும் கயிற்றில் போகின்றன. கயிற்றில் நிற்கும் நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை என்பதால் அது முதலில் சீறும். நாங்கள் செய்தது, வருகிற நாய்களுக்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் சோற்றுப் பருக்கையை எறிந்துவிட்டு இந்தப் பக்கத்தால் விலகி நடப்பது. அநேகமாகப் பலித்தது. பலிக்காத நாட்களும் இருந்தன. அதனால்தான் பேத்தியைத் தனியே கயிறு பிடிக்க விடவில்லை. அவளுக்கு அதில் கோபம்.

மூன்றாம் கிழமை, தொடுவதற்குப் பழக்கினோம். காதைப் பிடித்துப் பார்ப்பது, பிடரித் தோலை மெல்லக் கிள்ளுவது, தொடையை அழுத்துவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன். ஊசி போடும் கை புதிய கை. அது தொடும்போது நாய் திரும்பிக் கடித்தால் எல்லாம் வீண். மாதர் சங்கத் தலைவியும் நானும் அந்நியர்களாக நடித்துத் தொட்டுப் பார்த்தோம். இதற்குள் அம்மாவின் முற்றத்துக்கு வேறு நான்கு பெண்கள் தங்கள் நாய்களோடு வரத் தொடங்கியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று கயிற்றைக் கண்டதும் படுத்துவிடும் நாய். அதற்குக் கடைசிவரை எங்கள் முறை பலிக்கவில்லை. ஊசி போடுபவர்களே வீட்டுக்கு வந்து போட்டார்கள்.

ஊசி நாளன்று காலை ஏழு மணிக்கே புறப்பட்டோம். கூட்டம் சேர்ந்துவிட்டால் நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் கத்தும். மண்டபம் ஒரு கிலோமீற்றர். வழியில் ஏழு தரம் நின்றதாகக் கொப்பியில் இருக்கிறது. பாலத்தடியில் மாட்டுப்பட்டி குறுக்கே வந்தபோது ஜிம்மி காதை நிமிர்த்தி விறைத்து நின்றது. அம்மாவும் நின்றார். மாடுகள் போய்முடியும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அது அவர் கையை முகர்ந்து பார்த்தது.

வரிசையில் மற்றவர்களை விட்டுப் பத்தடி தள்ளி நின்றோம். பெயர் கேட்டு எழுதினார்கள். ஊசி போட்டது தெரியாமல் ஜிம்மி மீன் தின்றுகொண்டிருந்தது. அட்டை கொடுத்தார்கள். நாயின் சொந்தக்காரர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அதை அவர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அன்று கயிற்றில் நடந்து வந்தவை ஐந்து வளர்ந்த நாய்கள், ஐந்தையும் கொண்டுவந்தவர்கள் பெண்கள்.

வீட்டுப் படலைக்குள் வந்ததும் அம்மா முதல் வேலையாகக் கயிற்றைக் கழற்றினார். பட்டியையும் கழற்றி, இரண்டையும் வாசலில் மாட்டினார். கட்டிவைக்கும் எண்ணம் அவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2024 இலும் அவரே ஜிம்மியை மண்டபத்துக்கு நடத்திப் போனதாகப் பேத்தி தொலைபேசியில் சொன்னாள். இந்தத் தடவை மூன்றே தரம்தான் நின்றதாம்.